பட்டப்பகல் திருட்டு

ஊர்ச் சூரிய மின்சாரக் கூட்டுறவுச் சங்கத்தில் ஒரு மாதமாகக் கரண்டு பாதியாகிப் போனது. திருடியது யாரென்று தலைவர் நாச்சிமுத்துவுக்கு உடனே தெரிந்துவிட்டது. காதர்பேட்டைக் கடைகளுக்குப் பனியன் தைத்துக் கொடுக்கும் மூக்கம்மாள்தான். தெற்கத்திச் சீமையிலிருந்து பிழைக்க வந்தவள். வேறு அத்தாட்சி எதற்கு?

"என்ற பொறந்தநாள் விருந்துல மூக்குப் பிடிக்கத் தின்னுட்டு, அடுத்த நாளே கொக்கி போட்டிருக்கறா. இவ லைனைக் கட் பண்ணுங்க!" என்று கூட்டத்தில் முழங்கினார்.

"எம் மிசினே அரை நேரந்தான் ஓடுது. நான் எதுக்குய்யா திருடப் போறேன்?" என்ற மூக்கம்மாளை யாரும் சட்டை செய்யவில்லை. லைனைத் துண்டித்தார்கள்.

அப்புறமும் கரண்டு ஏறவில்லை. "அப்ப இவளுக்குக் கூட்டாளி இருக்கறான்" என்றார் தலைவர்.

கோயமுத்தூரிலிருந்து வந்த இன்ஜினியர் தேவிப்பிரியா, பேனல் போட்ட காட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு அரை மணியில் திரும்பினாள்.

"திருட்டுத்தானுங்க. தினமும் காலையில பத்துல இருந்து சாயங்காலம் நாலு வரைக்கும்."

"பாத்தீங்களா! ஆளு யாரு, சொல்லு கண்ணு."

"இன்னும் அங்கயேதானுங்க நிக்கறாரு. கும்பிட்டுச் சிரிச்சுட்டு."

சங்கமே காட்டுக்கு ஓடியது.

பேனல்களுக்குத் தெற்கே, நாற்பதடி உயரப் பிறந்தநாள் ஃப்ளெக்ஸில், 'ஊருக்கு ஒளி தந்த வள்ளலே' என்ற எழுத்துக்குக் கீழே கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார் நாச்சிமுத்து. அவர் நிழல் பேனல்கள் மேல் அகலமாகப் படுத்துக் கிடந்தது.

மூக்கம்மாள் கத்தரிக்கோல் எடுத்துவர வீட்டுக்கு நடந்தாள்.