மூக்கு சிவந்த உளி

"செர்ரிப்பழச் சிவப்பு வந்ததும் எடுக்கணும்னு எத்தனை தடவை சொன்னேன்? ஓரம் உருகி வியர்த்து வழியற வரைக்கும் உலையில வெச்சிருக்கே!"

1902, பென்சில்வேனியா. இரும்பைக் கடையும் லேத் இயந்திரத்தின் உளியைக் கழிவு இரும்புப் பெட்டியில் எறிந்தார் ஃபோர்மன் பிராசர்.

"இது புது உருக்கு சார். இன்னும் சூடு கேக்குது," என்றான் உலைக்காரன் துவோர்ஸ்கி.

"உன் காதுல வந்து சொல்லிச்சா? அடுத்த டிராமைப் பிடிச்சு வீட்டுக்குப் போ. நாளைக்கு வராதே!"

அவன் தலைகுனிந்து வெளியேறினான். பிராசர் தாமே இன்னொரு உளியைச் சிவப்பில் எடுத்துப் பதப்படுத்தி, லேத் ஓட்டும் ஏமஸிடம் கொடுத்துவிட்டு, புது உருக்கு வெட்டுவதைக் காட்ட மேனேஜரை அழைக்க ஓடினார்.

அவர்கள் வந்தபோது லேத் வழக்கத்தைப்போல் மூன்று மடங்கு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. உருக்குச் சுருள்கள் நீலநிறமாய்ப் பறந்தன. உளியின் மூக்கு தணலாய்ச் சிவந்தது.

"போச்சு! சிவந்தா உளி மழுங்கிடும், நிறுத்துய்யா!" என்று கத்தினார் மேனேஜர்.

"ஓடட்டும் சார், பாருங்க!" ஏமஸ் வேகத்தை இன்னும் கூட்டினார். சிவந்த மூக்கு மழுங்கவே இல்லை. பட்டறையே வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்று ஆரவாரம் செய்தது.

"எப்படிய்யா இது?"

"எல்லாம் என் கைப்பக்குவம் சார்!" பிராசர் நெஞ்சை நிமிர்த்தினார்.

ஏமஸ் லேத் அருகே கிடந்த மழுங்கிய உளி ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"உங்க பக்குவம் இதோ. அரை நிமிஷம் தாங்கல. இப்ப வெட்டுறது நீங்க பெட்டியில எறிஞ்சது. சாணை பிடிச்சு மாட்டினேன்."

வெளியே டிராம் மணி அடித்தது. பிராசர் தொப்பிகூட இல்லாமல் பனியில் இறங்கி ஓடினார்.

"துவோர்ஸ்கி! ஏறாதேய்யா!"