வலப்பக்கம் மட்டும்

நான் தொடவில்லையே, வேறு யார் தொட்டிருப்பார்கள் என்று யோசித்தபடி அவள் டிவி முன் நின்றாள். நேற்று ஆற்றின் அந்தக் கரையில் இருந்த வாள்வீரன் இன்று இந்தக் கரையில் நிற்கிறான்.

பழைய பாணி வீடியோ விளையாட்டு அது. சண்டை போடப் போட வீரனுக்கு வலு கூடும். ஆனால் அவன் வலப்பக்கம் மட்டுமே நடப்பான். தாண்டிய இடத்துக்குத் திரும்ப முடியாது. அதைத் திட்டிக்கொண்டே தினமும் விளையாடிய கணவர், பனிமலை அடிவாரத்தில் ஆட்டத்தைச் சேமித்துவிட்டு மருத்துவமனைக்குப் போனார். வீடு திரும்பவில்லை.

பத்திரிகைக்கு விமர்சனம் எழுத முதலிலிருந்து தனியாக ஆடி முடித்தவள், அவருடைய ஆட்டத்தையும் ஒருமுறை திறந்து பார்த்தாள். அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் வீரன் கொஞ்சம் இடப்பக்கம் வந்திருக்கிறான். வலு குறையவில்லை. வலப்பக்கமே பார்க்கும் முகம் மட்டும் திரும்பியிருக்கிறது.

பத்திரிகை ஆசிரியை போனில் கூப்பிட்டார்.

"உன் விமர்சனத்தைப் படிச்சேன். வாள்வீச்சு பிரமாதம், இசை பிரமாதம். ஏண்டி, அந்த விளையாட்டு கம்பெனியில வேலைக்குச் சேர்ந்துட்டியா?"

"குறையும் எழுதியிருக்கேனே அக்கா. எழுத்து ரொம்பப் பொடிசு, கடைசி அரக்கன் சொதப்பல்..."

"திரும்பி வர முடியாதுங்கிறதுதானே ஊரே சொல்ற குறை? அதை ஒரு வரி சேர்த்துடு. இப்பவே அச்சுக்குப் போகணும்."

அவள் திரையைப் பார்த்தாள். இனி ஒரு சோளக்காடுதான் பாக்கி. அதைத் தாண்டினால் ஆட்டம் தொடங்கும் வீடு.

"அதை மட்டும் எழுத மாட்டேன் அக்கா" என்றாள்.