ஐட்லிங் நிற்காத வண்டி

"யோவ், இதெல்லாம் ஒரு பொழப்பா? பனிக்கு முன்னாடி சர்வீஸ் பண்றேன்னு வண்டியையே நாசம் பண்ணி வெச்சிருக்கே!"

நெகிஷி பின் மட்கார்டில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை விரலால் தட்டிக் காட்டினான். "உன் கடை ஸ்டிக்கர்தானே? விலாசத்தப் பாத்துத்தான் வந்திருக்கேன். பதில் சொல்லு."

கடைக்காரர் ஹோன்மா வண்டியைப் பார்த்தார், ஸ்டிக்கரைப் பார்த்தார், பிறகு நெகிஷியைப் பார்த்தார். "எங்க கடைதான் சார். என்ன செய்யுது வண்டி?"

"ஆக்சிலேட்டரைப் பிடிச்சா ஓடுது, விட்டா செத்துப்போகுது. ஐட்லிங்கே நிக்கல. ஒவ்வொரு சிக்னல்லயும் உதைச்சு உதைச்சு என் கால் போச்சு."

கால் நிஜமாகவே மரத்துப்போயிருந்தது. மத்தியானக் கப்பல் கிளம்புவதற்குள் தொமகொமை துறைமுகத்துக்குப் போயாக வேண்டும். அதை விட்டால் நாளைக் காலை வரை இந்தத் தீவை விட்டு நகர முடியாது, அதை நினைக்க நினைக்க அவனுக்குக் காது மடல் வரை சிவந்தது.

ஹோன்மாவோ ஆடி அசைந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். டேங்க் மூடியைத் திறந்து முகர்ந்தார். "குளிருக்கு வண்டி எங்க சார் இருந்துச்சு?"

"எல்லாரையும் போல ஒரு பண்ணைக் கொட்டகையிலதான். அதத் தெரிஞ்சு என்ன பண்ணப்போறே? வேலையப் பாருய்யா."

அவர் மனைவி ஃபுமியே தேநீர்த் தட்டோடு வந்தாள். வண்டிக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றுவிட்டாள். தேநீர் தட்டில் சிந்தியது.

"வாங்கன்னு ஒரு வார்த்தை கிடையாது, வெந்நீர வேற கொட்டறீங்க. குடும்பமே இப்படித்தானா?" என்றான் நெகிஷி.

"ஃபுமியே," என்றார் ஹோன்மா நிமிராமலே. "தெருமுனைக்குப் போய்க் குடோ சாரைக் கூட்டிட்டு வா. பழைய மாடல், அவரும் ஒரு பார்வை பாத்தா நல்லது."

"ஒரு வண்டிக்கு எத்தனை பேருய்யா? நீ மெக்கானிக்கா, கல்யாணத் தரகனா?"

ஹோன்மா வண்டிமேல் குனிந்தார். ஸ்க்ரூடிரைவரைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. ஆள் பயந்துவிட்டான் என்று நெகிஷிக்கு ஒரு திருப்தி. அடிக்கிற கைதான் அணைக்கும் என்பதெல்லாம் வீட்டோடு சரி, கடைக்காரனிடம் கத்தினால்தான் காரியம் நடக்கும் என்பது அவன் கட்சி.

கார்புரேட்டரின் அடிக் கிண்ணம் கழன்று வந்தது. ஹோன்மா அதை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். "பாருங்க, பழைய பெட்ரோல் பிசின் ஒரு பொட்டு இல்ல. பெட்ரோல் வர்ற ஜெட் ஓட்டை பளிச்சுனு இருக்கு. பனிக்கு முன்னாடி சொட்டு விடாம வடிச்சுக் காய வெச்சிருக்காங்க. நல்ல கை சார்."

"நல்ல கையா? எவன் வெச்சானோ, அவன் கைய உடைக்கணும்."

"நீங்கதானே சார் வெச்சிருப்பீங்க?"

நெகிஷி ஒரு கணம் விழித்தான். "நான் இல்ல. என் தம்பி. அவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது."

ஹோன்மா கிண்ணத்தைத் துடைத்து, நிதானமாகத் திரும்ப மாட்டினார். பிறகு கார்புரேட்டரின் பக்கவாட்டில் விரலை வைத்தார். "கோளாறு இங்க சார். ஐட்லிங் ஸ்குரூ இல்ல."

"இல்லைன்னா? வழியில விழுந்துடுச்சா?"

"விழல. கழட்டியிருக்காங்க. தூசி போகாம ஓட்டையில கிரீஸ் அடைச்சிருக்கு, பாருங்க."

நெகிஷி எட்டிப் பார்த்தான். சுத்தமாகத்தான் அடைத்திருந்தது. அதைப் பார்த்ததும் அவனுக்கு வந்த கோபம் இதுவரை வந்ததற்கெல்லாம் மேலே இருந்தது. காலியாகக் கிடந்த பெயின்ட் டப்பாவை ஓங்கி உதைத்தான். அது உருண்டுபோய், வாசலில் கறுத்துக் கிடந்த பனிக்குவியலில் முட்டி நின்றது.

"என்ன பைத்தியக்காரன்யா இவன்! ஓடற வண்டியிலேருந்து எவனாவது ஸ்குரூவைக் கழட்டுவானா? இப்ப நான் எங்க போய்த் தேடுவேன்? கப்பல் போயிடும்யா!"

"பதறாதீங்க சார். ஒண்ணு இருக்கு."

ஹோன்மா இடுப்புச் சாவிக்கொத்தை அவிழ்த்தார். அதில் ஒரு சின்னத் துணிப்பை கட்டியிருந்தது. அதைத் தட்டியதும் ஸ்பிரிங்கோடு ஒரு ஸ்குரூ உள்ளங்கையில் விழுந்தது. கிரீஸைத் துடைத்துவிட்டு அதை ஓட்டையில் வைத்து, எண்ணிப் பார்க்காமலே திருகினார்.

ஒரே உதை. வண்டி உயிர் பெற்று, ஆக்சிலேட்டரைத் தொடாமலே சீராக நின்று ஓடியது. நெகிஷிக்கு அன்று காலையிலிருந்து முதல் முறையாக மூச்சு ஒழுங்காக வந்தது. ஹாண்டில்பாரை நோக்கிக் கையை நீட்டினான்.

ஹோன்மா இன்ஜினை அணைத்து, சாவியை உருவித் தன் பையில் போட்டுக்கொண்டார்.

"என்னய்யா ஆஃப் பண்றே? நேரமாச்சு." அப்போதுதான் நெகிஷிக்கு அது உறைத்தது. "ஆமா, இவ்வளவு பழைய வண்டி. கம்பெனிக்காரனே பார்ட்ஸை நிறுத்திட்டான். இந்த ஸ்குரூ உன்கிட்ட எப்படி வந்துச்சு?"

அவன் முதுகுக்குப் பின்னால், வாசலில் வெள்ளை சைக்கிளைச் சாத்திவிட்டு, போலீஸ் தொப்பியைச் சரிசெய்துகொண்டே குடோ உள்ளே வந்தார். கூடவே ஃபுமியே மூச்சிரைக்க நின்றாள்.

ஹோன்மா எழுந்தார். இத்தனை நேரம் அடக்கி வைத்த கோபத்தில் அவர் குரல் நடுங்கியது.

"வருஷா வருஷம் பனி விழறதுக்கு முன்னாடி நானேதான்டா கழட்டி வெச்சுக்குவேன், திருட்டுப் பயத்துல."