வேலியில் ஒரு கதவு

"புது வேலி எவ்வளவு உயரம் வேணும் மேடம்?" என்று கேட்டான் வேலி போட வந்த கவுன்சில் ஆள்.

"அவ மூஞ்சியே தெரியக் கூடாது. அவ்வளவு உயரம்" என்றாள் மாவிஸ். பக்கத்து வீட்டில் இருப்பது அவள் தங்கை பெரில்தான். இருவருக்கும் வருடக்கணக்காகப் பேச்சில்லை.

"உங்க ஷெட்டுக்குப் பின்னால பழைய வேலியில ஒரு கதவு இருக்கே? தினம் யாரோ போய் வந்து புல்லெல்லாம் தேஞ்சு கிடக்கு. புதுசுலயும் கதவு வைக்கணுமா?"

மாவிஸ் ஷெட்டைத் திரும்பிப் பார்த்தாள். கணவன் கிளிஃபோர்ட் மதியமெல்லாம் அந்த ஷெட்டில் இருப்பதாகத்தான் சொல்லுவான். அந்த வேலிக் கதவைத் தள்ளிக்கொண்டு தங்கையின் சமையலறைக்குள் பாய்ந்தாள்.

பெரிலின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான் கிளிஃபோர்ட்.

அவன் அந்தக் கையை மெல்ல நகர்த்தி, சூப் கிண்ணத்தின் விளிம்பில் வைத்தான்.

பெரில் நேராக மாவிஸின் முகத்தைப் பார்த்தபடியே கேட்டாள்: "காலடிச் சத்தம் கேட்டுச்சே, யாரு அத்தான் வந்திருக்கிறது?"