சம்பளச் சான்றிதழ்

“கேட் சாவியக் கருப்பணன்ட்டக் குடுத்துட்டு ஆபீசுக்கு வாங்க. மொதலாளியம்மா கூப்பிடுதாக.”

மேனேஜர் சரவணக்குமார் முனியராஜின் முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.

பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவன் முனியராஜ். சிவகாசிக்குப் பக்கத்தில் எம். புதுப்பட்டியில் இந்தப் பட்டாசுக் கம்பெனிக்குக் காவலுக்கு வந்து ஒரு வருஷம் ஆகிறது. பகல் நேரத்தில் அவனிடமிருந்து சாவியை வாங்கி ராத்திரிக் காவலாளியிடம் கொடுக்கச் சொன்னது இதுதான் முதல் தடவை. வேலை போய்விட்டது என்று புரிந்துகொண்டான்.

தப்பு அவனுடையதுதான். சம்பளச் சான்றிதழ் கேட்டு விண்ணப்பம் கொடுத்தபோது, எதற்காக என்ற இடத்தில் உண்மையை எழுதிவிட்டான்.

முதலாளியம்மா சொர்ணலட்சுமியின் மேஜைமேல் அந்த விண்ணப்பம்தான் கிடந்தது. கணவர் இறந்த பிறகு நாலு வருஷமாகக் கம்பெனி அவள் பொறுப்பில் இருக்கிறது.

“உக்காருங்க.”

“இருக்கட்டும்மா.” நின்றான்.

“பிரைவேட் யுனிவர்சிட்டில சட்டம் படிக்கப் போறீகளாமே, இந்த வயசுல?”

“ஆமாம்மா. பட்டாளத்துல இருக்கும்போதே தபால்ல பி.ஏ. முடிச்சேன். இது மூணு வருஷப் படிப்பு. சீட் கெடச்சிருச்சு.”

“ஃபீஸுக்கு என்ன பண்ணுவீக?”

“முன்னாள் ராணுவத்தாருக்கு அங்கன பாதி ஃபீஸ்தாம்மா. அதுக்குச் சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்கு அஞ்சு நட நடந்து சர்டிபிகேட் வாங்கிட்டேன். ரிட்டயர் ஆகும்போது வந்த பணத்துல மிச்சம் இருக்கு. கொறையுறதுக்கு பேங்க் லோன். பென்ஷன் மட்டும் பத்தாது, சம்பளச் சான்றிதழும் வேணும்னுட்டாக.”

“அந்தப் பணம் வீடு கட்ட வச்சிருந்ததுன்னு சொன்னாகளே.”

“ஆமாம்மா. ஓட்டு வீடே போதும்னுட்டா வீட்டுக்காரி.”

“பேங்குல என்னைக்குக் குடுக்கணும்?”

“இன்னைக்குத்தான் கடைசி. நாலு மணிக்குள்ள.”

சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்றைத் தொட்டிருந்தது. சிவகாசி போய்ச் சேரவே அரைமணி நேரம் ஆகும். அவள் அவசரப்படவில்லை. விண்ணப்பத்தை எடுத்து நிதானமாக வாசித்தாள்.

“வெடிவிபத்தில் இறந்த நால்வரின் குடும்பத்துக்காக வாதாட.” நிமிர்ந்தாள். “எந்தக் கம்பெனி விபத்து?”

வேறு ஏதாவது கம்பெனியைச் சொல்லியிருக்கலாம். முனியராஜுக்கு மனசு வரவில்லை.

“நம்ம கம்பெனிதாம்மா. ரெண்டு வருஷத்துக்கு முந்தி நடந்தது. அதுல போன மாரிசெல்வி என் கூடப்பொறந்த தங்கச்சி.”

“வேலைக்குச் சேரும்போது ஏன் சொல்லல?” என்று சீறினார் சரவணக்குமார்.

“யாரும் கேக்கல சார்.”

சொர்ணலட்சுமி கையசைத்து மேனேஜரை அடக்கினாள். “அதான் கேஸ் நடக்குல்லா?”

“வாய்தாவுலயே ஓடுதும்மா. எங்க வக்கீல் போனையே எடுக்கறதில்ல. கேஸும் போர்மேன் மேலயும் குத்தகைக்காரன் மேலயும்தான். அந்தக் குத்தகைக்காரன் எங்கன இருக்கான்னே தெரியல. வெடிச்ச ஷெட்டைக் குத்தகைக்கு விட்டுட்டதா ஒரு பத்திரத்தக் காட்டி, கம்பெனி பேரே வராமப் பண்ணிட்டாக.”

சொல்லி முடித்த பிறகுதான் யார் முன்னால் சொல்கிறோம் என்று உறைத்தது.

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். எரிந்த ஷெட் இருந்த இடத்தில் இப்போது வேலிக்கருவை மண்டிக் கிடந்தது.

“மாரிசெல்வி, ஊர்க்காவலன், விக்னேஷ்வரன், பஞ்சம்மாள்” என்றாள் மெதுவாக. விண்ணப்பத்தில் பெயர்கள் எதுவும் இல்லை. பேப்பர்காரர்கள்கூடப் பஞ்சம்மாளைப் பஞ்சவர்ணம் என்றுதான் போட்டிருந்தார்கள்.

“அம்மா, சீசன் நேரம். இவர் கணக்க முடிச்சு இப்பவே அனுப்பிருவோம்” என்றார் சரவணக்குமார்.

“சான்றிதழக் குடுங்க.”

அவர் தயங்கித் தயங்கி நீட்டினார். அவள் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினாள்.

“முனியராஜ், நாளையிலருந்து பகல் கேட்டுக்கு நீங்க வரவேண்டாம்.”

“சரிம்மா.” வேலை இல்லாதவனுக்குச் சம்பளச் சான்றிதழ் எதற்கு?

“காலேஜ் பகல்லதான? நைட் டூட்டிக்கு மாத்தியிருக்கேன். பகலுக்குக் கருப்பணன் இருப்பாரு.”

முனியராஜ் சான்றிதழைக் கையில் வாங்கினான். சந்தோஷம் வருவதற்கு முன்னால் சந்தேகம் வந்தது. வாங்கிய தாளை மறுபடியும் மேஜைமேலேயே வைத்தான்.

“அம்மா, ஒண்ணு சொல்லிருதேன். இதுக்காக நான் கேஸ விட்ருவேன்னு நெனச்சிராதீக. வக்கீலானதும் மொதல்ல அந்தக் குத்தகைப் பத்திரத்தத்தான் தோண்டுவேன்.”

சரவணக்குமாருக்கு முகம் வெளிறிவிட்டது.

“அது வெடிச்ச மறுநாள் எழுதுனது” என்றாள் சொர்ணலட்சுமி. “முந்தின தேதியப் போட்டுக் கையெழுத்து வச்சது நான்தான்.”

“அம்மா, என்ன பேசுதீக…” சரவணக்குமார் குறுக்கே வந்தார்.

அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. “நானாப் போய்ச் சொல்ல ரெண்டு வருஷமாத் தைரியம் வரல.”

சான்றிதழை எடுத்து முனியராஜின் கையில் திணித்தாள்.

“படிச்சிட்டு வந்து என்னக் கூண்டுல ஏத்துங்க.”