நாலரை மணி மீட்டிங்

"ஒங்க தொழுகைக்காக ஆறு பேரு நேரத்த மாத்திக்கணுமா பாய்? இது இன்னா நியாயம்?"

தீனதயாளன் போனில் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஜன்னலே திறந்துகொண்டது.

டீம் லீடர் ஜான் பாஷா அசரவில்லை. "மீட்டிங் நாலரைக்குதான் தம்பி. ஆறு மணிக்கு மேல எனக்குப் பள்ளிவாசல், தொழுகை. எவன் சொன்னாலும் மாத்த மாட்டேன்."

"அமெரிக்காக்காரன் விடிய முன்ன எந்திரிக்கிறானே, பாவமா இல்ல?"

"எந்திரிக்கட்டுமே! இத்தினி வருஷம் அவனுக்காக நாம முழிச்சிக்கினு கெடக்கல?"

போனை வைத்துவிட்டார் மனுஷன். என்ன கொழுப்பு!

அமெரிக்க டாக்டர்கள் பேசி அனுப்புவதைக் கேட்டு டைப் அடிக்கிற வேலை அவர்களுக்கு. கொரோனா வந்ததிலிருந்து அவரவர் வீட்டிலிருந்தே பார்க்கிறார்கள். கள்ளக்குறிச்சியில் பாஷா, சின்னசேலத்தில் தீனதயாளன், கல்வராயன் மலையில் செந்தமிழ்ச்செல்வி, இன்னும் நாலு பேர் அங்கங்கே. தினமும் ராத்திரி ஏழரைக்கு மேனேஜர் ஸ்டீவோடு மீட்டிங். அவருக்கு அது காலை ஒன்பது. எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன மாசம் பாஷா அடம் பிடித்து நாலரைக்கு மாற்றினார். ஸ்டீவுக்கு இப்போது விடியற்காலை ஆறு.

தீனாவுக்கு ஸ்டீவைப் பற்றியா கவலை? தினமும் சாயங்காலம் நாலு மணிக்குத்தான் இடஒதுக்கீடு கேட்டு ஊரே திரண்டு ரோட்டுக்கு வருகிறது. அவன் மட்டும் லேப்டாப் முன்னால்.

"ஊர்ப் புள்ளைங்க வெயில்ல நிக்கிதுங்க. தொரை வூட்ல குந்திக்கினு வெள்ளக்காரனுக்குக் குட்மார்னிங் சொல்லிக்கினு இருக்காரு" என்று மாமா சுப்புராயன் தெருவில் நின்றே பேசிவிட்டுப் போனார். மானம் போயிற்று. இத்தனைக்கும் ஊரில் முதன்முதலில் கொடியைக் கையில் எடுத்தவனே அவன்தான்.

பொறுத்தது போதும் என்று ஸ்டீவுக்கே மெயில் தட்டினான். 'ஒருத்தர் மதத்துக்காக ஆறு பேர் கஷ்டப்படுகிறோம். பழையபடி ராத்திரி ஏழரைக்கே வையுங்கள்.'

பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. 'நல்லது. நாளை மீட்டிங்கில் முடிவு செய்வோம்.'

முதுகுக்குப் பின்னால் மெயில் போட்டவன் என்ற பேர் வேண்டாம், நேரிலேயே சொல்லிவிடுவோம் என்று, அன்றைய மீட்டிங் முடிந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குக் கிளம்பினான். பள்ளிவாசலுக்குப் போகிற வழியில் பஸ் ஸ்டாண்டு.

அங்கே பார்த்தால், கல்வராயன் மலைக்குப் போகிற வெள்ளிமலை பஸ்ஸின் ஜன்னலைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார் ஜான் பாஷா! உள்ளே கையை விட்டு சீட்டில் கர்சீப்பைப் போட்டுவிட்டு, "ஆள் வருது, ஆள் வருது!" என்று கூவினார்.

பின்னாலேயே லேப்டாப் பையோடு ஒரு பெண் ஓடி வந்து ஏறினாள். செந்தமிழ்ச்செல்வி.

"பாய், இவ மலையில வூட்ல இருந்துல்ல வேலை பாக்குறா?"

பாஷா திடுக்கிட்டுத் திரும்பினார். சட்டென்று அவனை ஓரமாக இழுத்தார்.

"கத்தாத தம்பி. அவ ஊர்ல டவரே இல்ல. வூட்ல நெட் இல்லாதவங்கள எடுத்துடுன்னு கம்பெனி ரூலு. இது தெரிஞ்சா அவ வேலை போயிடும். தெனம் காலையில எறங்கி வந்து, எங்க வூட்லதான் குந்திக்கினு டைப் அடிக்கிறா. மீட்டிங் முடிஞ்சி ராத்திரி பஸ்ல போய்க்கினு இருந்தா."

"இப்ப இன்னா ஆச்சி?"

"போராட்டம் ஆரம்பிச்சதுல இருந்து ராத்திரி பஸ்ஸ நிறுத்திட்டானுங்க. ஆறு மணிக்கு முன்ன போற இதுதான் கடேசி வண்டி."

தீனதயாளனுக்குச் சுருக்கென்றது.

"போராட்டத்தத் தப்பு சொல்லல தம்பி. கேக்க வேண்டியதக் கேட்டுத்தான் ஆவணும். அதுக்காக இந்தப் பொண்ண வுட்ற முடியுமா?"

"அப்ப ஒங்க தொழுகை?"

"அது பத்து நிமிஷம். பள்ளிவாசல் தோ பக்கத்துலதான இருக்குது."

"எங்ககிட்ட உண்மையச் சொல்றதுக்கு இன்னா பாய்?"

"எவனாவது வாய் தவறி உளறுனா? பஸ்ஸு இல்லன்னு சொல்லு, 'பஸ் இருக்கிற ஊர்ல ஆள் எடு'ன்னுடுவாரு ஸ்டீவு. சாமி விஷயம்னு சொல்லு, வாயே தொறக்க மாட்டாரு."

பஸ் கிளம்பியது. ஜன்னல் வழியாகச் செல்வி கை காட்டினாள். மெயில் போட்ட கதையைச் சொல்லாமலே தீனதயாளன் பைக்கைத் திருப்பினான்.

மறுநாள் நாலரை. ஊர்வலத்தோடு போய்க்கொண்டிருந்தவன் ஒரு புளியமரத்தடியில் ஒதுங்கி, கக்கத்தில் கொடியும் காதில் ஹெட்செட்டுமாக மீட்டிங்கில் சேர்ந்தான். மாமா சுப்புராயன் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்.

ஸ்டீவ் உற்சாகமாக ஆரம்பித்தார். "ஒரு புகார் வந்திருக்கிறது. பாஷா, நீங்கள் ஒருத்தர்தான் நாலரை கேட்கிறீர்கள். மற்ற எல்லோருக்கும் வசதியாக, திங்கள்கிழமை முதல் ஏழரைக்கு..."

ஏழரைக்கு மீட்டிங் என்றால் செல்விக்கு மலைக்கு ஏது பஸ்?

"ஸ்டீவ் சார், ஒரு நிமிஷம்!" கோயில் வாசலை மிதித்து ஆறு வருஷம் ஆகியிருந்த தீனதயாளன் மைக்கைத் திறந்தான். "புகார் போட்டவன் நான்தான். வாபஸ் வாங்கிக்கிறேன். ஆறு மணிக்கு மேல தினமும் எனக்கும் கோயில்ல பூஜை இருக்கு. எங்க சாமி பாய் சாமியவிட ரொம்பக் கண்டிப்பு சார்!"