யாருக்க பேரு எழுத?

கப்பல் மேல்தளத்தில் நிற்பவர்கள்: இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் மதுவிலக்குப் பிரசங்கம் செய்யப் புறப்பட்ட எலியேசர் உபதேசியார், மனைவி தேவகனி, கருங்கல் வியாபாரி தங்கப்பன், பெட்டி சோதிக்கும் குமாஸ்தா. வெயில் உபதேசியார் தம்பதியின் தகரப் பெட்டியில் பட்டுக் கண் கூசுகிறது. அதிலிருந்த வேட்டி மடிப்புக்குள்ளிருந்து குமாஸ்தா ஒரு குப்பியை எடுக்கிறார். “திருவிருந்து திராட்ச ரசமாக்கும்,” என்கிறார் உபதேசியார். குமாஸ்தா தக்கையைப் பிடுங்கி மோந்து பார்க்கிறார். “சாராயமல்லவா மணக்குது! கொழும்பு வர எங்க பூட்டுக்குள்ள இருக்கட்டும். யாருக்க பேரு எழுத?” “எனக்க பேர எழுதும். வயித்துவலிக்கு நாந்தான் வச்சேன்,” என்கிறாள் தேவகனி. தங்கப்பன் வாய்விட்டுச் சிரிக்கிறார். “மொதல்ல வீட்டுல பிரசங்கம் பண்ணும் வேய்!” குப்பி எலியேசருடையதுதான். அவரும் கூடச் சேர்ந்து லேசாகச் சிரித்துவைக்கிறார். தேவகனி அதைப் பார்க்கிறாள். பெண்கள் அறைக்குள் போகிறாள். கதவு மூடுகிறது, உள்ளே தாழ் விழுகிறது.